நான் நனையவிட்ட பியானோ

என் மனைவியின் பியானோவைக் கெடுத்தது நான்தான். அவள் அல்ல. நான்!

கை தவறிக் கெடுக்கவில்லை, அறியாமல் கெடுக்கவில்லை. தெரிந்தே செய்தேன். தினமும் காலையில் எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கெடட்டும் என்று விட்டுவைத்தேன். பிறகு பழியைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். கால் நூற்றாண்டாக அவள் அதைச் சுமந்துகொண்டிருக்கிறாள்... நான் பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருக்கிறேன்.

இதை அவளிடம் சொல்லாமல் உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நீங்கள் யாரோ. நாளைக் காலையில் என் வீட்டுச் சமையலறையில் நீங்கள் காபி ஆற்றிக்கொண்டு நிற்கப்போவதில்லை. உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. கோழைக்கு வசதியான இடத்தில்தான் வாய் திறக்கும்.

குன்னூர்க் கடைவீதியில் எனக்குத் தேயிலைத்தூள் கடை. என் அப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்து ஆரம்பித்தது. தேயிலை வியாபாரம் என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள்? பாதி வியாபாரம் ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான். மேகம் கேட்காமலே கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் இது. மழைநாளில் ஒரு மூட்டையின் வாய் திறந்து கிடந்தால் போதும், தூளின் மணம் போய்ப் பூசண வாடை ஏறிவிடும். ஆகவே, ஈரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. இந்த மலையில் அதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு.

என் மனைவி ரேவதியின் அப்பா ஓர் எஸ்டேட் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார். அந்த எஸ்டேட் கைமாறியபோது பங்களாவில் இருந்த பழைய பியானோவை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போக மேனேஜர் குடும்பத்துக்கு மனமில்லை. சின்ன வயதிலிருந்தே பங்களாவுக்குப் போய் அதில் விரல் பழகியவள் ரேவதி. வாசிக்கிற வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவள் அப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார்களாம். எங்கள் கல்யாணத்துக்குக் கட்டில், பீரோ, பித்தளை அண்டாவோடு சீர்வரிசையில் அதுவும் லாரியில் வந்து இறங்கியது.

எங்கள் சனத்தில் யாரும் கண்டிராத சீர்! அலமாரி மாதிரி நிமிர்ந்து நின்ற கறுத்த மரம். முகப்பில் மெழுகுவத்தி செருக இரண்டு பித்தளைக் கைகள். மூடியைத் திறந்தால் பாதி அழிந்த பொன்னெழுத்து, மஞ்சளித்துப்போன வெள்ளைக் கட்டைகள். என் அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏனுங் சம்பந்தி, இத்தாப்பெரிய பொட்டியக் குடுத்திருக்கறீங்க. இதுல ஒரு சேலை மடிச்சு வெக்கக்கூட எடமில்லீங்களே!"

கல்யாண வீடே சிரித்தது. ரேவதியும் சிரித்தாள். நானும்தான்.

முதல் ஐப்பசி மழையில் கட்டைகள் உப்பி ஒன்றோடொன்று உரசத் தொடங்கின. ரேவதி கலங்கிப்போனாள். அப்போது வழி கண்டுபிடித்தவன் நான்தான்! கடையின் சரக்கு அறையில் செய்வதுபோல, பியானோவின் கீழ்ப் பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு ஹோல்டர் வைத்துக் குண்டு பல்பு மாட்டினேன். மழைக்காலம் முடியும்வரை அது இராப்பகலாக எரிய வேண்டும். அந்த இளஞ்சூட்டில் மரமும் கம்பியும் உள்ளிருக்கும் கம்பளித் துண்டுகளும் உலர்ந்தே இருக்கும். மலையில் பழைய பியானோ வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அன்றைக்கு என்னமோ நானே உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்ததுபோல ரேவதி என்னைப் பார்த்தாள்.

"தேயிலையாட்டவே பாத்துக்கறீங்க போங்க" என்றாள்.

அந்தப் பார்வைக்காக ஒவ்வொரு வருடமும் பல்பை நானே மாற்றினேன். அதே கைதான்... அதே கைதான் பிறகு இதைச் செய்தது.

என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் நடக்கவில்லை. அவள் நன்றாக வாசித்தாள், அவ்வளவுதான். தெருவில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். வெலிங்டனிலிருந்து இராணுவ அதிகாரிகளின் மனைவிமார் தங்கள் விழாக்களுக்கு வாசிக்க அழைத்தார்கள். வாசலில் ஜீப் வந்து நிற்கும். பால்காரர், தபால்காரர், காய்கறிக்காரர் எல்லாருக்கும் எங்கள் வீடு 'பியானோக்காரம்மா ஊடு' ஆகிவிட்டது. அப்பா காலத்திலிருந்து கடைவீதியில் கடை வைத்திருக்கிறேன், ஒருநாள் வங்கியில் என்னைக் காட்டி ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "இவரு பியானோ அம்மாவோட ஊட்டுக்காரருங்க."

சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. எவ்வளவு அற்பம் பாருங்கள்! ஊரார் என் மனைவியைப் பாராட்டினால் எனக்கு என்ன குறைந்துபோயிற்று? ஒன்றுமில்லை. ஆனாலும் குறைந்ததுபோல இருந்தது. பொறாமை என்பது வெளியாள் மேல்தான் வரும் என்று நினைத்திருந்தேன். ஒரே தட்டில் சாப்பிடுகிறவள் மேலும் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கார்த்திகை கழிந்ததும் ஒருநாள் போய் வாசித்துக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் வேலை.

"ஏனுங்க, போகட்டுங்களா?" என்று கேட்டாள்.

"உன்ற இஷ்டம் அம்மிணி" என்றேன்.

வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை! அதுதான் என் பெருமை. பெண்டாட்டிக்குத் தடை போடாத புருஷன் என்று சொந்தபந்தத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு. நான் மறுத்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், ஒருவேளை ஜெயித்தும் இருப்பாள். நான் மறுக்கவில்லை. பியானோவை மறுக்க வைத்தேன்.

தீபாவளி முடிந்ததும் அவள் தங்கையின் பிரசவத்துக்காகக் கோயமுத்தூர் கிளம்பினாள். எங்கள் மகள் அப்போது சின்னக் குழந்தை, அவளையும் கூட்டிக்கொண்டாள். அன்று வெள்ளிக்கிழமை. வீடெல்லாம் சாம்பிராணி போட்டு, புகை போவதற்காகப் பியானோவுக்குப் பின்னாலிருந்த ஜன்னலைத் திறந்தாள். கிளம்பும் அவசரத்திலும் மறக்காமல் அதைச் சாத்தினாள். கொக்கி போட்டாள். திரையை இழுத்துவிட்டாள்.

நான் பார்த்தேன். அவள் ஜன்னலைச் சாத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன்!

"பல்பு எரியுதான்னு மட்டும் பாத்துக்குங்க. மத்ததெல்லாம் நான் வந்து பாத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்து, பியானோவின் முன்னால் மண்டியிட்டு, கீழ்ப் பலகையைக் கழற்றினேன். பல்பை லேசாக அழுத்தி அரைத் திருப்புத் திருப்பினேன். அணைந்தது. சுவிட்சை ஏன் அணைக்கவில்லை? வேலைக்கு வரும் மாரியம்மா பார்த்தால் மறுபடி போட்டுவிடுவாள். சுவிட்ச் போட்டபடியே இருக்க வேண்டும். வெளிச்சம் மட்டும் இருக்கக் கூடாது. இவ்வளவு யோசித்திருக்கிறேன், பார்த்தீர்களா? ஆத்திரத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. பலகையைத் திரும்ப மாட்டினேன். ஜன்னலைத் திறந்து ஒரு சாண் விட்டுத் திரையை மூடினேன். பிறகு போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

நாசமாக்க நினைத்தேனா? இல்லை... கொஞ்ச நாளைக்கு மக்கர் செய்தால் போதும், அவளுக்குப் பழக முடியாமல் போகட்டும், அந்தப் பள்ளிக்கூடத் தேதி கடந்துவிடட்டும் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாபாரி அல்லவா, என்னையே ஏமாற்றத் தெரியாதா!

அந்த வருட மழை உங்களுக்கு நினைவிருக்காது. எங்களுக்கு இருக்கிறது. மலைப்பாதையில் மண் சரிந்து சாலை அடைபட்டது. மலை ரயில் நின்றது. பத்து நாளில் வருவதாகச் சொன்னவளால் ஒரு மாதத்துக்கும் மேல் வர முடியவில்லை. அத்தனை நாளும் மேகம் அந்த ஒரு சாண் வழியாக என் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பல்பைத் திருக எவ்வளவு நேரம் ஆகும்? ஜன்னலைச் சாத்த எவ்வளவு நேரம்? ஒவ்வொரு நாளும் என்னிடம் அந்த நேரம் இருந்தது.

காலையில் ஒரு கட்டையை அழுத்திப் பார்ப்பேன். முதலில் ஓசை மந்தமானது. பிறகு கட்டைகள் மெதுவாக எழுந்தன. ஒருநாள் அழுத்தியது அழுத்தியபடியே கிடந்தது. மூடியைத் திறந்தால் வாடை அடித்தது. எத்தனை மூட்டையில் முகர்ந்திருக்கிறேன் அந்த வாடையை! கடையில் என்றால் பதறிப்போயிருப்பேன்.

அவள் வந்தாள். பையைக் கீழே வைத்தாள். கால்கூடக் கழுவாமல் நேராகப் போய் மூடியைத் திறந்தாள். ஒரு விரலை வைத்தாள். கட்டை உள்ளே போயிற்று; மேலே வரவில்லை.

"ஏனுங்க... என்னாச்சுங்க இதுக்கு?"

நான் இதற்காகப் பல நாளாகவே பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

"தெரியலியே அம்மிணி. போற அன்னிக்குச் சாம்பிராணி போட்டுட்டு சன்னலத் தொறந்தியே... சாத்துனயா?"

அவள் திரையை விலக்கினாள். ஜன்னல் திறந்திருந்தது. கீழே சுவர் நெடுக ஈரம் வழிந்து கறுத்திருந்தது.

"சாத்துனனே..." என்றாள். பிறகு, "சாத்துனனா?" என்றாள்.

அந்த இரண்டாவது சொல்! அதைக் கேட்டபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கண்ணெதிரே அவள் தன்னை நம்புவதை விட்டுவிட்டு என்னை நம்பினாள்.

"ஸ்கிரீனுக்குப் பின்னால நான் எங்க பாத்தேன்? கடையே கதின்னு இருந்துட்டேன். சுவிட்ச் போட்டபடிதான் இருந்துது பாரு" என்று சொல்லி, அவள் எதிரிலேயே சுவிட்சை அணைத்தேன். அதற்கப்புறம் அதை யாரும் போடவில்லை.

கோயமுத்தூரிலிருந்து ஆள் கூட்டி வந்து சரிசெய்யலாம் என்று ஒருமுறை சொன்னேன். சொல்ல வேண்டுமே என்று சொன்னது. அவள் வேண்டாமென்றாள். பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

"ஒரு பொட்டியவே பாத்துக்கத் தெரியாதவ, அத்தன புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லித் தர்றதுங்க?"

நினைத்தது நடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்ததா? வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சில நாள் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு வீட்டில் ஓசை இல்லாமல் போனது மெல்ல மெல்லத் தெரிந்தது. பியானோ மேல் துணி விரித்தாள். சாமி படம் வைத்தாள், டெலிபோன் வைத்தாள், மருந்து டப்பா வைத்தாள். 'பியானோக்காரம்மா ஊடு' என்று சொல்வதும் நின்றுபோயிற்று. 'டீத்தூள் கடைக்காரர் ஊடு' என்றார்கள். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது!

அதோடு முடிந்திருந்தால்கூட... முடியவில்லை. அன்றிலிருந்து ரேவதி வெளியே கிளம்பினால் ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தொட்டுப் பார்ப்பாள். வாசலுக்கு வந்து செருப்பு மாட்டியதும் மறுபடி உள்ளே போவாள். அவளுடைய அப்பா இறந்த அன்றைக்கு, பேருந்து நிலையம் வரை போன ஆட்டோவைத் திருப்பச் சொன்னாள். அழுதுகொண்டே ஓடி வந்து கொக்கிகளைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். "அம்மாவுக்கு சன்னல் பைத்தியம்" என்று மகள் கேலி செய்வாள்.

நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இதை நீங்கள் மன்னிக்கவே வேண்டாம்.

போன வருடம் ரேவதிக்கு முழங்கால் வலி அதிகமாகி, படியில்லாத சின்ன வீட்டுக்கு மாற வேண்டி வந்தது. பியானோவுக்கு அங்கே இடமில்லை. ஒரு விடுதிக்காரர் தன் வரவேற்பறையில் அழகுக்கு வைக்கக் கேட்டார். "மேல பூச்சட்டி வெக்கறதுக்குங்களா? வாசிக்கற ஊட்டுக்குத்தான் போகோணும்" என்று ரேவதி மறுத்துவிட்டாள். கடைசியில் ஊட்டி பெர்ன்ஹில்லில் இருந்து ஹெலன் என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பழைய பியானோ, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் இப்படி வாங்கிச் சரிசெய்து வாசிப்பது அவளுக்குப் பைத்தியம்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை எடுத்துப்போகும் முன், அது யார் யார் கையில் இருந்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்று கொடுப்பவர்களையே சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொள்வாள்.

"பேஷன்ட் ஹிஸ்டரி மாதிரி ஆன்ட்டி. சும்மா பேசுங்க" என்றாள்.

ரேவதி முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். பங்களா கதையைச் சொன்னாள். சீர் வந்த கதையைச் சொன்னாள். நான் பல்பு மாட்டிய கதையைப் பெருமையாகச் சொன்னாள்!

"நல்லா இருந்த பொட்டிங்க கண்ணு. நாந்தான் கெடுத்துப்போட்டேன். ஊருக்குப் போறப்போ சன்னலச் சாத்தாமப் போயிட்டேன். இவரு என்னமோ ஒரு வார்த்தை திட்டலீங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

நான் டீத் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஹெலன் என்னை நிமிர்ந்து பார்த்தாள், மரியாதையோடு. எத்தனை நல்ல வாய்ப்பு! 'இல்லை, நான்தான்' என்றால் முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது... "டீ ஆறுதுங்க" என்றேன்.

பியானோ போன மூன்றாம் நாள் ஹெலன் போன் செய்தாள். ரேவதி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆன்ட்டி, கீழ பலகையத் திறந்தா அந்தப் பல்பு அப்படியே இருக்கு! ஹோல்டர்ல லூசா இருந்துச்சு, அவ்வளவுதான். அழுத்தித் திருகினேன், எரியுது!"

இதோ, இப்போது ரேவதி யோசிக்கப்போகிறாள். அப்படியானால் அன்றைக்குப் பல்பு எரியவே இல்லையா, பார்த்துக்கொள்ளச் சொன்னேனே, நீங்கள் பார்க்கவில்லையா என்று என் பக்கம் திரும்பப்போகிறாள். திரும்பிவிடு அம்மிணி... திரும்பிக் கேட்டுவிடு!

அவள் திரும்பவில்லை.

"பாத்துக்கோ கண்ணு, போறதுக்கு முன்னால அதையுங்கூட நான் பாக்காமப் போயிருக்கறேன்" என்றாள்.

சில மாதம் கழித்து, சரியாகிவிட்டது, வந்து வாசிக்க வேண்டும் என்று ஹெலன் அழைத்தாள். ரேவதி தன் விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"நான் வரலீங்க. என்ற கை அதுக்கு ஆகாது. நீங்க போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

நான் போனேன். தனியாக. ஹெலன் என்னை நாற்காலியில் உட்கார வைத்து வாசித்தாள். ரேவதி வாசித்த காலத்தில் நான் ஒருநாளும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை என்பது அங்கே வைத்துத்தான் உறைத்தது. போகிற போக்கில், சாப்பிடுகிற சாக்கில், பேப்பர் படிக்கிற மறைவில் கேட்டிருக்கிறேன். எதிரே உட்கார்ந்து, கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்படி கேட்டதே இல்லை!

"கம்பியும் கம்பளியும்தான் மாத்தினேன் அங்கிள். மரம் கல்லு மாதிரி இருக்கு" என்றாள் ஹெலன். "அப்பவே யாராச்சும் திறந்து உலர்த்தியிருந்தா அந்த மாசமே ஆன்ட்டி வாசிச்சிருக்கலாம். பாவம், செத்துப்போச்சுன்னு நினைச்சுட்டாங்க போல."

நான் அதைக் கொல்லக்கூட இல்லை. உயிரோடு இருந்ததை, செத்துவிட்டது என்று அவளை நம்ப வைத்து, அதன் மேலேயே மருந்து டப்பா வைக்க வைத்திருக்கிறேன்.

ஊட்டியிலிருந்து பேருந்தில் திரும்பும்போது முடிவு செய்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது. நடுவில் எங்கும் நிற்கக் கூடாது, வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் சொல்லே அதுவாக இருக்க வேண்டும். கண்டக்டர் டிக்கெட் கேட்டதுகூட என் காதில் விழவில்லை. எப்படி ஆரம்பிப்பது, 'சன்னல்' என்று ஆரம்பிப்பதா, 'பல்பு' என்று ஆரம்பிப்பதா... வெலிங்டன் தாண்டும்போது வாக்கியம் தயாராகிவிட்டது. வாய்க்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தவள் என் முகத்தையே பார்த்தாள். இத்தனை ஆவலை அவள் முகத்தில் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"எப்படிங்க இருந்துது?"

"நல்லா இருந்துது அம்மிணி. ரொம்ப..."

"அப்பிடீங்களா!" அவள் கண் நிறைந்துவிட்டது. சிரித்தாள். "என்ற கைய விட்டுப் போனதுதான் அதுக்கு நல்லதுங்க. இப்பத்தான் மனசு ஆறுச்சு."

மனசு ஆறியவளிடம் என்ன சொல்வது? இப்போது சொன்னால் அவளுக்கு அந்த ஆறுதலும் போய்விடும் என்று ஒரு சாக்கு உடனே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. சாக்குக்கு என்றைக்கு எனக்குப் பஞ்சம்!

"இருங்க, காபி வெக்கறேன். அந்தப் புள்ள என்னென்ன வாசிச்சான்னு ஒவ்வொண்ணா எனக்குச் சொல்லோணும்" என்று ரேவதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"கைகால் கழுவிட்டு வர்றேன்" என்றேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அவள் கூப்பிடும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.